மாவுக்கட்டில் ஒரு கீறல்

ஜெர்லின் அழவில்லை. இருதயசெல்விக்கு இருப்புக்கொள்ளாமல் போனதற்கு அதுதான் காரணம்.

ஊரில் இருக்கிற அம்மாக்களெல்லாம் பிள்ளை அழுதால் பதறுவார்கள். இவள் பிள்ளை அழவில்லையே என்று பதறினாள். பதறாமல் என்ன செய்வாள்? ஜெர்லின் எப்படிப்பட்டவள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? கொசு கடித்தால் தெருவையே கூட்டுகிறவள். தலையில் சிக்கெடுத்தால் "கொல்றாங்க, கொல்றாங்க" என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுக்கிறவள். ஒன்பது வயதுக்கு ஊர்ப்பட்ட வாய். அப்படிப்பட்டவளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சிரித்த முகமாக உட்கார்ந்து தலையில் வெள்ளைப் பூமுடி வைத்துக்கொள்கிறாள். இதை யார் நம்புவது?

அன்றைக்கு ஜெர்லினுக்குப் புதுநன்மை. கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். திண்டிவனத்தில் அவர்கள் வீட்டுப் பக்கம் இதைச் சின்னக் கல்யாணமாகவே செய்வார்கள். இதற்காகவே அப்பா வளன் கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்தான். புதன்கிழமை திரும்ப வேண்டும். கவுன், கையுறை, பூமுடி, மண்டபம், பிரியாணி எல்லாம் வளனின் அக்கா அக்னஸின் பொறுப்பு. அவள்தான் ஜெர்லினுக்கு ஞானத்தாய். ஞானத்தாய் என்றால் சும்மாவா? அக்னஸ் இரண்டு மாதமாகத் தூங்கவில்லை, யாரையும் தூங்க விடவும் இல்லை.

கை முறிந்ததும் இந்தக் கொண்டாட்டத்தின் நடுவில்தான். வளன் மகளுக்குப் புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினவன், "ஓட்டுடா செல்லம், ஓட்டு" என்று ஒரு கட்டத்தில் கையை விட்டுவிட்டான். அவள் கையை ஊன்றி விழுந்தாள். முன்கை நடுவில் வளைந்து தொங்கியதைப் பார்த்து வளன்தான் முதலில் அழுதான்.

திண்டிவனத்தில் எலும்பு டாக்டர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்து, ஊசி போட்டு மயக்கி, எலும்பை இழுத்து நேராக்கி, முழங்கைக்கு மேலிருந்து விரல் கணு வரைக்கும் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார். மயக்கம் தெளிகிற வரைக்கும் செல்வி மகளோடு உள்ளே இருந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் வெளியே நின்று கேட்டுக்கொண்டவன் வளன். கேட்டதை வந்து ஒப்பித்தான். "கையைத் தொங்க விடக்கூடாதாம். தலகாணி மேல தூக்கியே வைக்கணுமாம். விரலை ஆட்டிக்கினே இருக்கணுமாம். விரல் வீங்குனாலோ, மரத்துப் போனாலோ, மாத்திரைக்கு அடங்காம வலிச்சாலோ உடனே வரணுமாம்." இன்னும் ஏதோ சொன்னாராம். நடுவில் டிக்கெட் ஏஜென்ட் போன் பண்ணிவிட்டானாம்.

சனிக்கிழமை மதியம் செல்வி கோயிலுக்குப் பூ வைக்கப் போய்விட்டுத் திரும்பினால், மகளின் கட்டு பளபளவென்று இருந்தது. காலையில் பார்த்தபோது மாவுக்கட்டின் மேலிருந்து கீழ் வரைக்கும் நீளமாக ஒரு கீறல் இருந்தது. இப்போது அது இல்லை. தேய்த்து மெழுகி, மாதா சிலையின் கை போல வழவழவென்று வெள்ளையாக இருந்தது.

பக்கத்தில் அக்னஸின் வீட்டுக்காரர் அலெக்ஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அலெக்ஸுக்குத் தொழிலே அதுதான். கோயில் சுரூபங்களுக்கு உடைந்த விரல் ஒட்டுவார், மூக்கு வைப்பார், கிறிஸ்துமஸ் வந்தால் ஊர் ஊராகப் போய்க் குடில் கட்டுவார். சும்மா சொல்லக்கூடாது, கை வேலைக்காரர். அவர் மாவு பூசினால் ஒட்டுப் போட்ட இடம் அந்தோணியாருக்கே தெரியாது.

"இன்னா டாக்டரு செல்விம்மா இவன்?" என்றார். "கட்டு பொளந்து போய் கெடக்குது, அப்பிடியே அனுப்பிட்டான். நாளைக்கு நாலு பேரு போட்டோ எடுப்பாங்கல்ல? அதான் துணி சுத்தி ரெண்டு கோட்டு மாவு ஏத்திட்டேன். இனிமே கல்லு மாதிரி நிக்கும்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமாண்ணா?"

"நான் பாக்காத மாவா?" என்று அலெக்ஸ் சிரித்தார்.

வளனும் சிரித்தான். செல்வியும் சிரித்துவைத்தாள்.  ராத்திரி மகள் பக்கத்தில் படுத்துப் புரண்டு புரண்டு பார்த்தாள். ஜெர்லினும் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா."

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. வலிக்கவில்லை என்றால் எதற்கடி இந்த அவசரம் என்று கேட்கத் தோன்றியது. கேட்காமல் விட்டாள்.

காலையில் அக்னஸ் கையுறை மாட்ட வந்தாள். வலது கையில் சுளுவாக ஏறிவிட்டது. இடது கை விரல்களில் ஏற மறுத்தது.

"தூங்கி எழுந்தா கை உப்பத்தான் செய்யும்" என்று அக்னஸ் இழுத்து இழுத்து மாட்டினாள். ஜெர்லின் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டியிருந்த தூளியையும் அக்னஸ் கழற்றிப் போட்டாள். புதுச்சேரிக்குப் போய்த் தைத்துக்கொண்டு வந்த கவுன், முன்பக்கமெல்லாம் லேஸ், அது மேலே யாராவது அழுக்குத் தூளியைத் தொங்க விடுவார்களா?

"அண்ணி, கையைத் தொங்க விடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாருன்னு இவரு..."

"பூசை முடியற வரைக்கும்டி. நீ ஏன் குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தி சுத்தி வர்ற? அவளே சும்மா இருக்கா. கேளு அவள. வலிக்குதாடா கண்ணு?"

"இல்ல அத்தை."

"பாத்தியா? என் மருமவ சிங்கம்!"

கோயிலில் எல்லோரும் பீடத்தைப் பார்த்தார்கள். செல்வி மகளின் இடது கையையே பார்த்தாள். வலது கையில் மெழுகுவர்த்தி. இடது கை லேஸுக்குப் பக்கத்தில் செத்த மீன் மாதிரி தொங்கியது. விரலை ஆட்டுடி, ஆட்டுடி என்று மனசுக்குள் கத்தினாள். ஒரு விரலும் ஆடவில்லை. சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் செல்விக்கு இன்றைக்கும் தெரியாது.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஆளாளுக்கு வந்து ஜெர்லினின் நெற்றியில் சிலுவை போட்டார்கள். "கை ஒடிஞ்சும் இன்னா தைரியம்", "பெத்தா இப்பிடிப் பெக்கணும்" என்றார்கள். செல்வியின் பொறுமை அந்தப் பாராட்டில்தான் அறுந்தது. மகளைத் தரதரவென்று மண்டபத்து அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். கையுறையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கத்தரிக்கோல் எடுத்து வெட்டியே எடுத்தாள்.

விரல்கள் ஐந்தும் ஊறவைத்த மொச்சைக்கொட்டையாட்டம் உப்பியிருந்தன. நகமெல்லாம் வெளுத்திருந்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தது.

"இதுவா வலிக்கல?"

"வலிக்கலம்மா" என்றாள் ஜெர்லின். சொல்லும்போது அவள் மூக்கு நுனியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

செல்வி போனை எடுத்தாள். டாக்டர் ஏதோ கல்யாணத்தில் இருந்தார், பின்னால் மேளச் சத்தம். வீக்கத்தைப் பற்றிச் சொன்னதுமே அவர் கேட்டார்: "நான் கட்டைக் கீறி விட்டிருந்தேனே, அந்தக் கீறல் எவ்வளவு விரிஞ்சிருக்கு?"

"கீறலா சார்? அது... எங்கண்ணன் மாவு வச்சிப் பூசிட்டாருங்க."



"பூசிட்டாரா? ஏம்மா, சின்னப் பிள்ளைக்கு ரெண்டு நாள் கை வீங்கும். வீங்குறதுக்கு இடம் வேணும்னுதானே நானே அதைப் பிளந்து விட்டேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே! இப்ப உள்ளயே வீங்கி, ரத்த ஓட்டம் நசுங்கிக்கிட்டு இருக்கு. கிளம்புங்க. இங்க ஞாயித்துக்கிழமை மயக்க டாக்டர் கிடைக்க மாட்டாங்க. நேரா விழுப்புரம் போங்க, டாக்டர் பரிமளா இருப்பாங்க, நான் சொல்லிடறேன். ஆபரேஷன் ஆனாலும் ஆகும், பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி கூட குடுக்காதீங்க. நேரம் போச்சுன்னா கை இருக்கும், விரல் வேலைக்கு ஆகாது. புரியுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தவள் அத்தனை பேர் முன்னாலும் வளனைப் பார்த்துக் கேட்டாள்: "கட்டைக் கீறி விட்டிருக்கேன்னு டாக்டரு உங்ககிட்ட சொன்னாராங்க?"

வளன் கையிலிருந்த போனைப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது. "போன்ல இருந்தேன் செல்வி..."

அலெக்ஸ் பக்கத்தில்தான் நின்றார். விஷயம் காதில் விழுந்ததும், "ஐயோ, நானா... இரு செல்விம்மா, வீட்ல ரம்பம் இருக்குது, நானே அறுத்து எடுத்துடறேன்" என்று ஓடப் பார்த்தார்.

"நீங்க பண்ண வரைக்கும் போதும்ணா! கார எடுங்க, ஜல்தி!"

"பங்குச்சாமி கேக் வெட்ட வந்துக்கினு இருக்காருடி" என்று குறுக்கே வந்தாள் அக்னஸ். "பந்தியில எல போட்டாச்சி. ஒரு வாய் சாப்புட்டுப் போனா..."

"பிரியாணி ஆறிப்போனா சுட வச்சிக்கலாம் அண்ணி. எம் பொண்ணு கை ஆறிப்போச்சி, தொட்டுப் பாருங்க."

அக்னஸ் தொட்டுப் பார்த்தாள். அவளே ஓடிப்போய்க் கார் கதவைத் திறந்துவிட்டாள்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு எவ்வளவு தூரம்? நினைத்தால் போய்விட்டு வரலாம். அன்றைக்கு அது முடியவே முடியாத ரோடாக இருந்தது. கூட்டேரிப்பட்டில் கரும்பு லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பியது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் கல்யாணத்துக்குப் போகிற சென்னை வண்டிகளின் வரிசை. அலெக்ஸ் ஹாரனை அமுக்கினபடியே இருந்தார். "பேஜாரு புடிச்ச டோலு, பேஜாரு புடிச்ச டோலு" என்று முனகினார்.  வளன் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி மகளைப் பார்த்தான். செல்வி அவளை மடியில் போட்டு, கட்டுப் போட்ட கையைத் தன் நெஞ்சோடு ஏந்திக்கொண்டு, "அழுடி, ஒரு தரம் அழுதுடுடி" என்று கெஞ்சினாள். ஜெர்லின் தலையை மட்டும் ஆட்டினாள். உதட்டில் பல் பட்ட இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிமளா வாசலிலேயே நின்றார். ஒரு வார்த்தை வீணாக்கவில்லை. வட்டக் கத்தி வைத்த மிஷின் கொர்ரென்று மாவுக்கட்டைக் கடித்தது. மாமா ஆசை ஆசையாய்ப் பூசினதாயிற்றே, சாமானியத்தில் விடவில்லை. ஒருவழியாக இரண்டு பக்கமும் பிளந்து, உள்ளே இருந்த பஞ்சையும் வெட்டி, மேல்பாதியை எடுத்துவிட்டார். கை விறைத்து, தோல் மினுமினுவென்று இருந்தது.

டாக்டர் ஜெர்லினின் விரல் ஒன்றை மெல்ல நிமிர்த்தினார். "வலிக்குதா?"

"இல்ல."

இன்னொரு விரல். "இப்ப?"

"இல்ல."

டாக்டர் செல்வியையும் வளனையும் சுவரோரமாகக் கூப்பிட்டார். "கட்டைப் பிரிச்சதுமே சில பிள்ளைங்களுக்கு வீக்கம் அடங்கிடும். அப்படி அடங்கினா தெய்வச் செயல். அடங்கலைன்னா இப்பவே தியேட்டருக்குக் கொண்டு போய், தோலையும் உள்ள இருக்கிற சவ்வையும் நீளமாக் கீறி விடணும். சதை செத்துப் போறதுக்குள்ள செய்யணும். உள்ள எவ்வளவு அழுத்தம்னு அளக்கிற கருவி இங்க இல்லை. விரலை நிமிர்த்தும்போது பிள்ளைக்கு எவ்வளவு வலிக்குதுங்கிறதுதான் எனக்கு அளவு. இவ என்னடான்னா வலிக்கலைங்கிறா. நிஜமாவே வலிக்கலையா, மரத்துப் போச்சா, மறைக்கிறாளான்னு தெரியல. தேவையில்லாம சின்னக் கையைக் கிழிக்கவும் மனசு வரல, காத்திருக்கவும் முடியல."

செல்விக்கு அந்தச் சொல்தான் உறைத்தது. மறைக்கிறாள். ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாளே, அது என்ன? புதுநன்மை வகுப்பில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார்கள்: சின்னச் சின்னக் கஷ்டத்தை வெளியில் சொல்லாமல் இயேசுவுக்கு ஒப்புக்கொடுங்கள், கேட்டது கிடைக்கும் என்று. சிஸ்டர் சொன்னது மிட்டாய் தின்னாமல் இருப்பதையும் முட்டி போட்டு ஜெபிப்பதையும். இந்தக் கழுதை கையையே எடுத்துக் கொடுத்துவிட்டாளா?

கட்டில் பக்கத்தில் குனிந்தாள். "ஒப்புக்கொடுக்கிறியாடி?"

ஜெர்லினின் கண் விரிந்தது. "சொல்லக்கூடாதும்மா. சொன்னா பலிக்காது."

"எதுக்காக? எங்கிட்ட மட்டும் சொல்லு."

அவள் அம்மாவின் காதுக்கு வாயைக் கொண்டு வந்தாள். "அப்பா புதன்கிழம போவக்கூடாதுன்னு."

குசுகுசுவென்றுதான் சொன்னாள். ஆனாலும் வளனுக்குக் கேட்டுவிட்டது. பாவம், அவனும் மனுசன்தானே. பாய்ந்து வந்து மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு, "போவலடா செல்லம்! அப்பா போவவே மாட்டேன். சத்தியமா போவ மாட்டேன்" என்று தேம்பினான்.

ஜெர்லினின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அத்தனை வேதனையிலும் சிரித்தாள். "பாத்தியாம்மா? பலிச்சிடுச்சி!"

டாக்டர் மறுபடியும் விரலைத் தொட்டார். "இப்பவாவது சொல்லு பாப்பா. வலிக்குதா?"

"இல்லவே இல்ல" என்றாள் ஜெர்லின். முன்னைவிட இறுக்கமாகப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

செல்விக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கேட்ட வரம் கைக்கு வந்துவிட்டதாம், இனி எப்படி வாயைத் திறப்பாள்? வளன் கொடுத்த சத்தியம் அவள் வாய்க்கு இன்னொரு பூட்டு. அந்தச் சத்தியமும் பொய். வேலை அங்கேதான் இருக்கிறது, புதன்கிழமை இல்லையென்றால் அடுத்த புதன்கிழமை போய்த்தான் ஆக வேண்டும். அது செல்விக்குத் தெரியும், வளனுக்கும் தெரியும். தெரியாதது இந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். இதைப் போய் நான் சொல்வதா? கர்த்தரே, என் வாயாலா சொல்ல வேண்டும்?

சொன்னாள்.

"ஜெர்லின், என்னைப் பாரு. அப்பா பொய் சொல்றாரு."

"செல்வி!" என்றான் வளன்.

"சும்மா இருங்க. அப்பா போவாருடி. நீ கையைக் குடுத்தாலும் போவாரு, காலைக் குடுத்தாலும் போவாரு. அவரு வேல அங்கதான் இருக்குது. நீ வலியைப் பொறுத்துக்கினா இயேசு அவர நிறுத்தி வைக்க மாட்டாரு. அவரு அப்பிடியெல்லாம் கைய வாங்கிக்கினு குடுக்கிறவரு இல்ல. நீ வீணா பொறுத்துக்கினு இருக்கே."

ஜெர்லின் அப்பாவைப் பார்த்தாள். வளன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் வாய் கோணியது.  அப்புறம் இரண்டு நாளாய் உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து ஒரே அலறலாக வெளியே வந்தது. வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் அதே நேரத்தில் நடுவிரலைக் கொஞ்சம் நிமிர்த்தினார். அலறல் கூரைக்குப் போனது.

"தொடாத! வலிக்குது! அய்யோ வலிக்குது, உள்ள கிழியுது, தொடாத!"

"எங்க கிழியுது? காட்டு."

"இங்க! கை பூரா! நேத்துலேருந்து வலிக்குது!"

டாக்டர் நிமிர்ந்து, "தியேட்டர் ரெடி பண்ணுங்க" என்றார். செல்வியிடம், "உணர்ச்சி இருக்கு. இருக்கும்போதே செஞ்சிடறேன்" என்றார்.

செல்வி மகளைத் தூக்கப் போனாள். ஜெர்லின் நல்ல கையால் அவள் முகத்தில் அறைந்தாள். மார்பில் குத்தினாள். "நீதான் கெடுத்த! நீ பேசாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு. நீ வேணாம் போ!" என்று கத்திக்கொண்டே தள்ளுவண்டியில் போனாள். கவுனின் லேஸ் சக்கரத்தில் மாட்டிக் கிழிந்தது. செல்வி தியேட்டர் கதவு வரைக்கும் பக்கத்திலேயே போய், அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் அலெக்ஸ் இரண்டு கையையும் மடியில் வைத்து வெறித்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இன்னும் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. செல்விக்கு அவரைத் திட்ட வேண்டும் என்று இருந்தது.  உட்கார முடியாமல் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். வளன் கூடவே நடந்தான். 

வெகுநேரம் கழித்து வெளியே வந்த டாக்டர் பரிமளா தொப்பியைக் கழற்றினார். சதை சிவப்பாக உயிரோடு இருந்ததாம். கீறின காயத்தைச் சில நாள் அப்படியே திறந்து வைத்து, வீக்கம் வடிந்த பிறகு மூடுவார்களாம், அப்புறம்தான் புதுக்கட்டாம். தழும்பு நீளமாக நிற்குமாம், விரலெல்லாம் வேலை செய்யுமாம். செல்வி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

ஜெர்லின் அம்மாவிடம் பேசவில்லை. திங்கட்கிழமையும் பேசவில்லை. நர்ஸ் ஊசியோடு வந்தால் ஊர் கூட்டினாள், டாக்டர் விரலை ஆட்டச் சொன்னால் வைதுகொண்டே ஆட்டினாள், அக்னஸ் ஊட்டினால் தின்றாள். செல்வி கஞ்சி டம்ளரை நீட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்வி டம்ளரை அக்னஸிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வளன் மூச்சிரைக்கப் படியேறி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "ஜெர்லின், அப்பா டிக்கெட்டை மாத்திட்டேன்டா! நாளைக்கிப் போவல!"

ஜெர்லின் அவனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, கால்மாட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த செல்வியைப் பார்த்தாள்.

"நெசமாம்மா?"

 வளன், ஆமாம் என்று சொல்லேன் என்று கண்ணால் கெஞ்சினான்.

"நெசந்தான்டி" என்றாள். "ஆனா ரெண்டு வாரந்தான். அப்புறம் போவாரு."

 ஜெர்லின் கண்ணில் தண்ணீர் வழிய, நல்ல கையால் கட்டிலைத் தட்டி, "இங்க வந்து உக்காரும்மா" என்றாள்.